உறுமும் நாயை அடிக்காதீர்கள்

திருவாண்டார்கோயில் சிவன் கோயிலின் தலக்கதை இந்தப் பக்கத்தில் பலருக்கும் தெரியும். முண்டாசுரனைக் கொன்ற பாவம் தீர வடுக பைரவர் வழிபட்ட இடம், அதனால் ஊருக்கு வடுகூர் என்று பெயர். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். பைரவரின் வாகனம் நாய். ஆனால் இன்று ஊரில் நாய் என்று பேச்செடுத்தால் பயம்தான் முன்னே வருகிறது. இரவு ஷிப்ட் முடிந்து விழுப்புரம் சாலையிலிருந்து தெருவுக்குள் பைக்கைத் திருப்புகிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. நாயைப் படிக்கத் தெரியாததால் அது இன்னும் பெரிதாகிறது என்பது என் எண்ணம்.

வீட்டு நாய் சோறு தின்கிறது. குழந்தை கிட்டே போகிறது. நாய் உறுமுகிறது. "யாரைப் பார்த்து உறுமுற?" என்று முதுகில் ஒரு அடி விழுகிறது. அடுத்த முறை நாய் உறுமுவதில்லை. திருந்திவிட்டது என்று நிம்மதியடைகிறோம். நாயின் பயமோ அப்படியே இருக்கிறது. குழந்தை பக்கத்தில் வந்தால் அடி விழும் என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. எச்சரிக்கை மட்டும்தான் போயிற்று. பிறகு ஒருநாள், "சும்மா இருந்த நாய் திடீர்னு கடிச்சிடுச்சு" என்கிறோம்.

உறுமலுக்கு முன்பே அது பலமுறை சொல்லியிருக்கும். முகத்தை வேறு பக்கம் திருப்பும். நாக்கால் மூக்கை நக்கும். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும். கண்ணோரத்தில் வெள்ளை தெரியும். கடைசியாக உடம்பு விறைத்து அசையாமல் நிற்கும். வாலாட்டுகிற நாய் கடிக்காது என்பதையும் நம்பாதீர்கள். உடம்பெல்லாம் குழைந்து ஆடினால் சந்தோஷம். வாலை மேலே தூக்கி விறைப்பாக ஆட்டினால் தள்ளி நில்லுங்கள்.

அடித்து அடக்கினால்தான் நாய் நம்மைத் தலைவனாக மதிக்கும் என்ற நம்பிக்கை ஓநாய் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து, சண்டை போட்டு வென்றதே கூட்டத்தின் தலைவன் என்று எழுதினார். 1970இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் எழுதிய புத்தகம் அதைப் பரப்பியது. கனடாவின் வடகோடியில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கவனித்த அதே மெக், 1999இல் அந்தக் கருத்தை மறுத்தார்: ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம், சண்டை போட்டுப் பிடிக்கும் தலைமை அங்கே இல்லை. எழுதியவரே கைவிட்டார், நம் தெருவில் பிரம்பு இன்னும் கீழே இறங்கவில்லை.

நம் தெருநாய்களைப் பற்றி நம் நாட்டிலேயே நல்ல ஆய்வு நடக்கிறது. கொல்கத்தாவின் ஐசர் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத மனிதரை நம்புவதற்கு, சாப்பாட்டைவிடத் தடவிக்கொடுத்தது தெருநாய்களிடம் கூடுதலாகப் பலித்தது. கை காட்டும் திசையைப் பயிற்சி இல்லாமலே பல நாய்கள் புரிந்துகொள்வதையும் அவர்கள் காட்டியிருக்கிறார்கள். மனிதனைக் கவனிப்பது அவற்றின் இயல்பிலேயே இருக்கிறது. நமக்குப் பிடித்ததைச் செய்ததும் அந்த நொடியே ஒரு துண்டு கருவாடு கொடுத்தால் போதும், கற்றுக்கொள்ளும்.

பைக்கைத் துரத்துவதும் இயல்புதான். ஓடும் பொருளை விரட்டுவது நாயின் ரத்தத்தில் ஊறியது. காலை வீசி உதைத்தால் வெறி கூடும்; வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலான நாய்கள் நின்றுவிடும். மீறிக் கடித்துவிட்டால், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசியைத் தொடங்குங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம்.

கார்த்திகை, மார்கழியில் தெருவெங்கும் குட்டிகள் கிடக்கும். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரை குட்டி எதைப் பயமில்லாமல் பார்க்கிறதோ, அது வாழ்நாள் முழுக்கப் பழகியதாகிவிடும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். வளர்க்க எடுத்தால் சங்கிலியில் கட்டிப் போடாமல் குழந்தைகள், குடை, பைக் சத்தம், வெளியாட்கள் எல்லாவற்றையும் மெல்லப் பழக்குங்கள். வெறிநாய்த் தடுப்பூசியைக் கால்நடை மருத்துவமனையில் போட்டுவிடுங்கள். வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு இன்றைக்கே ஒன்று சொல்லிக்கொடுங்கள்: தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், மூன்றின் பக்கத்திலும் போகக் கூடாது.