தெளிவாகத் தெரிந்தால் போதுமா?

மாணவர்களே, நீங்கள் மூக்குக்கண்ணாடி அணிபவரா? அதைக் கழற்றிக் காம்பின் உள்பக்கத்தைப் பாருங்கள். சிலவற்றில் ‘டிஆர்90’ என்று அச்சிட்டிருக்கும். மாடல் எண் என்று பலர் நினைக்கிறார்கள். ‘கிரிலமிட் டிஆர்90’ என்பது சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று தயாரிக்கும் நெகிழியின் வணிகப் பெயர். அது நைலான் குடும்பத்தைச் சேர்ந்த, ஒளி ஊடுருவும் பாலியமைடு.

1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய நைலானைத் தடிப்பாக வார்த்தால் பால்போல் மங்கலாகத்தான் இருக்கும். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஆங்காங்கே ஒழுங்காக அடுக்கிக்கொண்டு சிறு படிகங்களாகின்றன. ஒளி அவற்றில் பட்டுச் சிதறுகிறது.

பள்ளிச் சபைகூடலை எண்ணிப் பாருங்கள். நெருக்கமாக வரிசையில் நிற்கும் எல்லாரும் விரித்த குடையோடு வந்தால் வரிசை நிற்குமா? வேதியியலாளர்கள் செய்ததும் அதுதான். சங்கிலிக்குள் வளைய வடிவப் பருத்த மூலக்கூறுகளைப் புகுத்தினார்கள். படிகம் உருவாகவில்லை, ஒளி நேராகக் கடந்தது. உருக்கி அச்சில் செலுத்தினால் கண்ணாடிச் சட்டம், லென்ஸ், நீர் வடிகட்டியின் கிண்ணம் எல்லாம் கிடைக்கும். எடையும் குறைவு: பாலிகார்பனேட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம், டிஆர்90-க்கு ஏறக்குறைய 1.0 கிராம்தான்.

ஆனால் வரிசை கலைந்ததற்கு விலையும் உண்டு. நைலானின் படிகங்கள் அதற்குக் கவசம்போல. அவை இல்லாத தெளிந்த பாலியமைடுகள் எண்ணெயையும் பெட்ரோலையும் நன்றாகவே தாங்கும். சில வகைகள் மட்டும் ஆல்கஹால் பட்டால் விரிசல் விடக்கூடும். பாலிகார்பனேட்டுக்கோ அசிட்டோன் எதிரி. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்!

அதனால்தான் எனக்கு ஒரு மனக்குறை. மறுசுழற்சி முக்கோணத்தில் இவை இரண்டுக்கும் ஒரே எண்தான்: 7, அதாவது ‘மற்றவை’. ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் எல்லாரையும் ‘ஏய்’ என்று கூப்பிடுவதுபோல. நெகிழியின் வகையைப் பொருளின்மேல் சுருக்கமாகக் குறிக்க ஐஎஸ்ஓ 11469 என்ற அனைத்துலகத் தரம் ஏற்கெனவே இருக்கிறது. வணிகப் பெயருக்குக் காம்பில் இடம் இருக்கிறது. நாலைந்து எழுத்தில் வேதியியல் பெயருக்கு இடம் இல்லையா? தயாரிப்பாளர்கள் அதைக் கட்டாயமாக அச்சிட வேண்டும் என்பேன்.

அடுத்த முறை கண்ணாடி வாங்கும்போது, “இது என்ன நெகிழி?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை, கையில் தேய்க்கும் ஆல்கஹால் கூழால் சட்டத்தைத் துடைக்காதீர்கள். மென்மையான சோப்பும் குளிர்ந்த நீரும் போதும்.