ஒரு கோல்தானே என்று சொல்லாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். நாற்பத்தைந்து நிமிடம் என் கணக்கு வகுப்பைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

2025 ஜூன் 22 அன்று நம் ஆண்கள் ஹாக்கி அணி பெல்ஜியத்தை 4-3 என்று ஜெயித்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே பட்டாசும் கொடியும்தான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்கு முந்தைய ஏழு ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்றபோது குழுவில் ஒரு சத்தமும் இல்லை. நான் மட்டும் புலம்பினேன். அதற்கு மருமகப்பிள்ளை ஒருவர், "விடுங்க மாமா, ஒரு கோல்தானே, நேரம் சரியில்ல" என்றார். பழைய மாணவன் ஒருவன், "சார், பிபி ஏத்திக்காதீங்க" என்றான். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ப்ரோ லீக் சீசனில் நமக்குப் பதினாறு ஆட்டங்கள். பிப்ரவரியில் புவனேஸ்வரில் எட்டு ஆட்டம் ஆடி ஐந்தில் ஜெயித்து 15 புள்ளி எடுத்தோம். ஜூனில் ஐரோப்பாவுக்குப் போய் எட்டு ஆட்டத்தில் எடுத்தது 3 புள்ளி. நெதர்லாந்திடம் 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. ஆஸ்திரேலியாவிடம் இரண்டு முறையும் 2-3. பெல்ஜியத்திடம் 3-6. கடைசியில்தான் அந்த 4-3. ஒன்பது அணிகளில் எட்டாவது இடத்தில் முடித்தோம். அப்போது பாரிஸில் வெண்கலம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

ஏழு தோல்வியில் ஆறு, ஒரே கோலில். இதைத்தான் நேரம் சரியில்லை என்கிறீர்கள். ஒரு தடவை நடந்தால் ஒப்புக்கொள்வேன். ஆறு தடவை நடந்தால் அது பழக்கம்.

முப்பது வருஷத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன். ஒவ்வொரு தேர்விலும் 33 மார்க் வாங்கும் பையன் ஒருவன் எல்லா வகுப்பிலும் இருப்பான். அப்பா வந்து, "ரெண்டு மார்க்தானே சார்" என்பார். தாள்களை எடுத்துப் பார்த்தால் அந்த இரண்டு மார்க் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போயிருக்கும். கடைசிக் கேள்வியை அவசரத்தில் எழுதியிருப்பான், அல்லது எழுதியே இருக்க மாட்டான். பையனுக்குக் கணக்கு வராமல் இல்லை. கடைசிப் பத்து நிமிடத்தை எப்படி முடிப்பது என்று யாரும் பழக்கவில்லை.

நம் அணியின் தாளையும் அப்படிப் புரட்டுங்கள். நெதர்லாந்துக்கு எதிரான இரண்டு ஆட்டத்திலும் வெற்றி கோலை வாங்கியது கடைசி ஐந்து நிமிடத்துக்குள். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டு தோற்றோம். எட்டு ஆட்டத்தில் போட்டது 18 கோல், வாங்கியது 26. தற்காப்புதான் வெற்றிக்கு அடிப்படை என்று சொல்லும் பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டன். அவர் அணி ஆட்டத்துக்கு மூன்று கோலுக்கு மேல் வாங்கியிருக்கிறது. இதை நேரத்தின் மேல் போட்டால், திருத்த வேண்டியதை யார் திருத்துவது?

இன்னொரு கணக்கு. பாரிஸ் ஒலிம்பிக்கில் நாம் அடித்தது மொத்தம் 15 கோல். அதில் 10 ஹர்மன்ப்ரீத் சிங் ஒருவருடையது. அப்போதே எனக்குப் பயம். ஒருவர் தோளில் உட்கார்ந்து பதக்கம் வாங்கலாம், சீசன் முழுக்கப் போக முடியாது. பெனால்டி கார்னருக்கு அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் அணியை எதிராளி படித்துவிடுவான். கோல் கம்பத்தில் ஸ்ரீஜேஷும் இப்போது இல்லை.

"பதினாறு நாளில் எட்டு ஆட்டம், பிள்ளைகளுக்குக் களைப்பு" என்பீர்கள். எதிரணிக்காரர்களுக்கும் கால்கள்தான் இருக்கின்றன. "கிரிக்கெட்டுக்குத்தான் காசெல்லாம்" என்பீர்கள். அந்தப் பாட்டு பழசு. 2018 முதல் ஒடிசா அரசு நம் ஆண், பெண் இரண்டு அணிக்கும் ஆதரவாளராக இருக்கிறது.

இப்போது என்னை உண்மையில் சுடும் விஷயத்துக்கு வருகிறேன். நம் பெண்கள் அணி இதே ப்ரோ லீக்கில் ஒன்பதாவது, அதாவது கடைசி. லீக்கிலிருந்தே இறக்கிவிட்டார்கள். இனி நேஷன்ஸ் கோப்பை ஆடி ஜெயித்துத்தான் மேலே வர வேண்டும். டோக்கியோவில் நான்காவதாக வந்து நம்மையெல்லாம் அழவைத்த அணி இது. அன்றைக்கு எத்தனை பேர் அவர்கள் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தீர்கள்! இன்றைக்கு ஒரு ஆள் விசாரித்தீர்களா? "அய்யோ பாவம்" என்றுகூட ஒரு வார்த்தை இல்லை.

எனக்கும் இதில் பங்குண்டு, மறைக்க மாட்டேன். கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி ஆடுகிற பிள்ளைகள் நடுவில் வேலை பார்த்தவன் நான். பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியடை வாங்கிக் கணக்கு நடத்தினேன். ஸ்டிக்கோடு வாசலில் நின்ற ஒரு பெண்ணை, "இது சோறு போடுமா" என்று கேட்டு உள்ளே உட்கார வைத்தேன். அவள் நல்ல மார்க் வாங்கினாள். அதன் பிறகு ஸ்டிக்கைத் தொடவில்லை. இந்தப் பதிவை அவளும் படிப்பாள். அம்மா, நான் செய்தது தப்பு.

1975-இல் கோலாலம்பூரில் நாம் உலகக் கோப்பை ஜெயித்ததை ரேடியோவில் கேட்டேன். 1986-இல் லண்டனில் பன்னிரண்டு அணிகளில் கடைசியாக வந்ததையும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் பதினோரு வருஷம்தான். அன்றும் "நேரம் சரியில்ல" என்றுதான் சொன்னோம்.

2025 ஆகஸ்ட் கடைசியில் பீகார் ராஜ்கிரில் ஆசியக் கோப்பை நடந்தது. ஜெயித்தால் 2026 உலகக் கோப்பைக்கு நேரே போகலாம் என்ற நிலை. நாம் ஜெயிப்போம் என்றே நம்பினேன். ஆனால் அந்தக் கோப்பையை வைத்து இந்த ஜூன் மாதத்தை மூடிவிடாதீர்கள். உலகக் கோப்பை நடப்பது இதே நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும்தான். அந்த ஜூனில் தோற்றுவிட்டு வந்த அதே நாடுகள்.

திட்டுங்கள் என்று சொல்லவில்லை. பாருங்கள் என்கிறேன். தோற்கிற ஆட்டத்தையும், பெண்கள் ஆட்டத்தையும் கடைசி நிமிடம் வரை உட்கார்ந்து பாருங்கள். பார்க்கிறவன்தான் கேள்வி கேட்க முடியும்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், சண்டை போடலாம். பிபி மாத்திரை போட்டுவிட்டேன்.