கிணற்றடியில் ஒரு சின்னப் பெட்டி!

தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. கம்பியில் மின்சாரமும் இருக்கிறது. ஆனால் மோட்டார் உறுமுகிறது, ஓட மறுக்கிறது. சற்று நேரத்தில் காயில் கருகும் நாற்றம்! உழவரின் கைக்காசு காயில் கட்டும் கடைக்குப் போகிறது.

"மின் அழுத்தம் குறைவு" என்கிறார்கள். ஏன் குறைகிறது?

தேனி மாவட்டம் மின்சாரம் பிறக்கும் பூமி. லோயர் கேம்ப்பில் பெரியாறு மின்சார நிலையம் 1958 முதல் இருக்கிறது. காற்றாலைகளும் சுழல்கின்றன. ஆனால் மயிலாடும்பாறை போன்ற மலையடி ஊர்களின் தோட்டங்களுக்குக் கம்பி நீண்டு கொண்டே போகிறது. கம்பியின் கோடியில் அழுத்தம் விழுகிறது. தூரம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு.

கவலை மாடு

பழைய கவலை ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். மாடு சரிவில் இறங்கும்போது தண்ணீர் மேலே வரும். பிறகு மாடு பின்னால் நடந்து மேலேறும். அப்போது தண்ணீர் வராது. ஆனால் அந்த நடை இல்லாமல் அடுத்த சால் தண்ணீர் இல்லை!

மோட்டாரும் அப்படித்தான். அது சுழல வேண்டுமானால் அதற்குள் காந்த சக்தி உண்டாக வேண்டும். அதற்காகக் கொஞ்சம் மின்சாரம் கம்பி வழியே வருவதும் திரும்புவதுமாக இருக்கிறது. அது தண்ணீர் இறைப்பதில்லை. ஆனாலும் அது இல்லாமல் மோட்டார் ஓடாது. இதற்கு 'எதிர்வினைத் திறன்' என்று பெயர். இந்தப் போக்குவரத்து கம்பியை அடைத்துக் கொள்கிறது. கம்பி சூடாகிறது, அழுத்தம் விழுகிறது.

பெரிய நகரங்களும் இதற்குத் தப்பவில்லை. 1987 ஜூலை 23-ந் தேதி டோக்கியோவில் கடும் வெப்பம். குளிர்சாதனங்கள் ஓடின. அழுத்தம் சரிந்தது. சுமார் 28 லட்சம் இணைப்புகள் மின்சாரம் இழந்தன! அழுத்தம் அளவுக்கு மீறி ஏறினாலும் ஆபத்துதான். 2025 ஏப்ரல் 28-ந் தேதி ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டது அதனால்தான்.

மருந்து எங்கே?

எதிர்வினைத் திறனை நெடுந்தூரம் அனுப்பிக் கட்டுப்படியாகாது. தேவைப்படும் இடத்திலேயே கொடுக்க வேண்டும். அதற்குத்தான் கெப்பாசிட்டர் என்ற சின்னப் பெட்டி. மோட்டார் திருப்பித் தருவதை அது வாங்கி வைத்துக் கொள்ளும், கேட்கும்போது கொடுக்கும். போக்குவரத்து கிணற்றடியிலேயே முடிந்து விடும்! கம்பியில் ஓடும் மின்னோட்டம் கால் பங்கு குறைந்தால், அங்கே 100 ரூபாயாக இருந்த நஷ்டம் சுமார் 56 ரூபாயாகக் குறையும்.

யார் பொறுப்பு?

மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் பொருத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் விதி மட்டும் போதுமா? தமிழக உழவர்களுக்கு மின்சாரம் இலவசம். ஆகவே பெட்டி பழுதானாலும் எந்த ரசீதிலும் தெரியாது. மோட்டார் எரிந்தால்தான் தெரியும்! மேலும், ஒருவர் மட்டும் பொருத்தினால் பலன் கொஞ்சம்தான். ஒரே கம்பியில் உள்ள எல்லோரும் பொருத்தினால்தான் அழுத்தம் நிற்கும்.

எனவே மின்வாரியமே தன் செலவில் பொருத்திக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கவும் வேண்டும். வீணாகாமல் மிஞ்சும் மின்சாரம் வாரியத்துக்குத்தானே லாபம்? உழவர்களும் பெட்டியைக் கழற்றாமல் காக்க வேண்டும். தன் மோட்டாரை மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டத்து மோட்டாரையும் அது காப்பாற்றுகிறது.

மின் நிலையங்களுக்குக் கோடி கோடியாகச் செலவாகிறது. கிணற்றடியில் இருக்க வேண்டிய சின்னப் பெட்டியை மறக்கலாமா?