தோலுக்கு மதிப்பு, தொட்ட கைக்கு?

ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் என்று சீட்டு ஒட்டிய பைகளும் செருப்புகளும் பட்டணத்துக் கடைகளில் நல்ல விலைக்குப் போகின்றன. பழைய முறையில் வீட்டிலேயே தோல் பதனிடலாம் என்று சொல்லிக் கொடுக்கவும் ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள். நல்லது. அந்தப் பழைய முறை யாருடைய வீட்டில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்!

அது அருந்ததியர் குடிசையின் பின்புறத்திலே இருந்தது. செத்த மாட்டைச் சுமந்து வந்து உரிக்க வேண்டும். தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் பல நாள் போட்டு, மயிரையும் சவ்வையும் கத்தியால் வழித்து, சுண்ணாம்பு போக அலசிய பிறகுதான் பட்டைத் தண்ணீர். தொழிலின் சூட்சுமமே இங்குதான். எடுத்த எடுப்பில் கெட்டிக் கசாயத்தில் போட்டால் மேல்புறம் விறைத்துக்கொள்ளும். உள்ளே பச்சையாகவே நிற்கும். ஆகவே முதலில் இளங்கசாயம், நாளாக நாளாகக் கெட்டிக் கசாயம். ஓரத்தைக் கீறிப் பார்ப்பார்கள். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் பதமாகவில்லை. பின்பு கடுக்காய் நீர், எண்ணெய், நிழலில் உலர்த்தல். வாரக்கணக்கான வேலை. பள்ளிக்கூட வாசலில் நிற்கவிடாமல் விரட்டப்பட்டவர்கள் கையிலே இத்தனை ரசாயன சாஸ்திரம்!

அந்தத் தோலில் தைத்த கமலைதான் பண்ணையார் கிணற்றில் நீர் இறைத்தது. தோல் தொட்ட தண்ணீர் வயலுக்கு ஆகும். தோலைத் தைத்தவர் கிணற்றைத் தொட்டால் தீட்டு! களத்துமேட்டில் அள்ளிப் போட்ட தானியமே கூலி. 1903ல் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சென்னையில் சர்க்கார் செலவில் குரோம் தோல் சோதனை தொடங்கினார். கமலைக்கு நீரில் இற்றுப்போகாத தோல் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. தோல் நீடிக்க வேண்டும் என்று யோசித்தார்கள். தைத்தவன் வயிற்றைப் பற்றி யோசிக்கவில்லை.

பம்பு செட்டு வந்தது, கமலை போயிற்று, களத்துத் தானியமும் போயிற்று. நிலம் கொடுத்தார்களா? கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். சாக்கடையில் இறக்கினார்கள்.

பட்டையை விட்டுக் குரோமுக்குப் போன ஆலைகள் பாலாற்றை என்ன செய்தன என்பதை வேலூர், ராணிப்பேட்டை மக்கள் அறிவார்கள். 1996ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தும், 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டி வந்தது. அதற்காகப் பட்டை முறை புனிதமானது என்று நாம் சொல்லமாட்டோம். மாட்டுத் தோலின் மயிரை உதிர்க்கிற சுண்ணாம்பு, அலசுகிறவர் விரலையும் அரிக்கிறது. நாற்றமும் கழிவு நீரும் இதிலும் உண்டு.

அப்பன் தொழிலை மகன் செய்ய வேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை. 'பாரம்பரியம்' என்ற பெயரில் அந்தப் பழைய விலங்கை யாராவது நீட்டினால் எதிர்ப்போம். பதினெட்டு சதவீதத்திற்குள் மூன்று சதவீதம் அருந்ததியருக்கு என்று 2009ல் சட்டமாயிற்று. 2024 ஆகஸ்ட் 1ல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த இடங்கள் துறைவாரியாக எத்தனை நிரம்பின என்ற கணக்கைச் சர்க்கார் சட்டமன்றத்தில் வைக்கட்டும்.

தொழிலை விரும்பிச் செய்பவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கமும், கையுறையும், பூட்ஸும், கழிவு நீர்த் தொட்டியும் வேண்டும். பட்டைத் தோலுக்கென்று சர்க்கார் பணம் ஒதுக்கினால் அது கடை முதலாளியின் பெட்டிக்குப் போகாமல் அந்தச் சங்கத்திற்கே போக வேண்டும் என்று கேட்கிறோம்.