கூர்மையில் கில்லி... கீழே விழுந்தால் காலி! செராமிக் கத்தி வாங்கலாமா?

"என்னடி இது, விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு?"

ஆன்லைனில் 299 ரூபாய்க்கு நான் வாங்கிக்கொடுத்த வெள்ளை நிற செராமிக் கத்தியைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. அவருக்கு மணிக்கட்டு வலி. எடை குறைவான கத்தி உதவுமே என்றுதான் வாங்கினேன். முதல் தக்காளியை நறுக்கியதுமே, "அட, வெண்ணெயில போற மாதிரி போகுதே!" என்று முகம் மலர்ந்தார். ஆனால், மூன்றாவது வாரம் ஒரு சட்டி பரங்கிக்காய்க் கூட்டை அப்படியே குப்பையில் கொட்ட வேண்டியதாகிவிட்டது. காரணம், அதே கத்தி!

பார்க்க அழகாகவும் விலை குறைவாகவும் இருக்கிறதே என்று நீங்களும் கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறீர்களா? ஆர்டர் செய்யும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எதில் செய்கிறார்கள்?

செராமிக் என்றதும் டீ கப் நினைவுக்கு வரும். ஆனால், இந்தக் கத்தி ஜிர்கோனியா என்ற பொருளால் ஆனது. பல்லுக்கு 'கேப்' போடவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். நம் கம்மலில் மின்னும் அமெரிக்கன் டைமண்ட் கல்லும் இதே குடும்பம்தான். ஜிர்கோனியா பொடியை அச்சில் அழுத்தி, 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் சுட்டு, பிறகு வைரத்தூள் பதித்த சக்கரத்தில் தீட்டுகிறார்கள். ஜப்பானின் கியோசெரா நிறுவனம் 1980-களில் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வகைக் கத்தி, இன்று பல பெயர்களில் மலிவு விலையில் கிடைக்கிறது.

பிளஸ் என்னென்ன?

* கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10. எஃகுக் கத்தி 6-ஐ ஒட்டி வரும். ஜிர்கோனியா சுமார் 8.5. அதனால் கூர்மை நீண்ட நாள் நிற்கும்.

* துருப்பிடிக்காது. எலுமிச்சை, மாங்காய், தக்காளி போன்ற புளிப்பான பொருள்களோடு வினைபுரியாது. இரும்பு அரிவாள்மணையில் நறுக்கினால் வாழைக்காயில் ஏறும் கறுப்பு, உலோக வாடை இதில் இருக்காது.

* எடை மிகவும் குறைவு. கைவலி உள்ளவர்களுக்கு வசதி.

'ஆப்பிள் கறுக்கவே கறுக்காது' என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழத்தில் உள்ள என்சைம் காற்றோடு சேர்வதால்தான் நிறம் மாறுகிறது. எந்தக் கத்தியில் நறுக்கினாலும் அது நடக்கும்.

மைனஸ் என்னென்ன?

கடினமான பொருள் வளைந்து கொடுக்காது. எஃகுக் கத்தி லேசாக வளையும், மழுங்கும். செராமிக் கத்தி உடையும். இதுதான் எங்கள் வீட்டில் நடந்தது. பரங்கிக்காய்த் தோலில் கத்தி சிக்கிக்கொள்ள, அம்மா பழக்கதோஷத்தில் அதைத் திருகி எடுத்தார். கூட்டு கொதித்த பிறகு, கத்தியைக் கழுவும்போதுதான் விளிம்பில் அரிசி நொய் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருப்பது தெரிந்தது. வெள்ளைத் தேங்காய்த் துருவலுக்கு நடுவே வெள்ளைச் சில்லை எங்கே தேடுவது? பல்லையோ தொண்டையையோ பதம்பார்த்துவிட்டால்? அன்றைக்கு எல்லோருக்கும் மோர் சாதம்தான்.

அடுத்த சிக்கல், சாணை. தெருவில் வந்த சாணை பிடிப்பவரிடம் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கல்லுக்கு ஆகாதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். இதைத் தீட்ட வைரத்தூள் பூசிய கருவி வேண்டும். 299 ரூபாய் கத்திக்கு யார் அதை வாங்குவார்கள்?

வாங்கினால் இதைக் கவனியுங்கள்

* வந்ததும் வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைப் பாருங்கள். சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

* ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை பிளேடில் வையுங்கள். ஒட்டினால் அது எஃகு. மேலே பூச்சு மட்டும் பூசி 'செராமிக்' என்று விற்பதும் உண்டு.

* மரம் அல்லது பிளாஸ்டிக் பலகையில் மட்டும் நறுக்குங்கள். கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு வேண்டவே வேண்டாம்.

* பழம், தக்காளி, வெள்ளரி, வெங்காயம், எலும்பில்லாத கறி ஓகே. தேங்காய், பரங்கிக்காய், சேனை, எலும்பு, ஃப்ரீசரில் உறைந்த கறிக்கு 'நோ'. பூண்டு நசுக்கவும், டப்பா மூடியை நெம்பவும் கூடாது.

* கரண்டிகளோடு சேர்த்துப் போடாமல் உறையில் வையுங்கள். ஒவ்வொரு முறை கழுவும்போதும் விளிம்பைப் பாருங்கள். சில்லு காணவில்லை என்றால், அன்று நறுக்கியதைச் சாப்பிடாதீர்கள்.

* உடைந்த கத்தியைத் தடிமனான தாளில் சுற்றி, டேப் ஒட்டி, 'கத்தி' என்று எழுதிப் போடுங்கள். குப்பையைக் கையால் பிரிப்பவர்களின் விரலும் முக்கியம்.

ஆக, வீட்டில் ஏற்கெனவே நல்ல எஃகுக் கத்தி இருந்தால், இரண்டாவது கத்தியாக இதைத் தாராளமாக வாங்கலாம். ஒரே கத்தியாக நம்பி வாங்காதீர்கள்.

அம்மாவுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். அது இப்போது பழக்கூடை பக்கத்தில் உறையோடு இருக்கிறது. பரங்கிக்காய் வாங்கும் நாளில் மட்டும் அடுக்களையிலிருந்து குரல் வரும்: "அந்தப் பழைய கத்தியை எடுத்துட்டு வாடி!"