"ஆவன செய்யப்படும்" என்றால் யார் செய்வார்?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், கடைசிவரை படியுங்கள்.

போன ஞாயிறு பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். சென்னையில் பெரிய கம்பெனியில் மேலாளர். நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தான். "என்னப்பா?" என்றேன். "நாளைக்கு மீட்டிங் ஐயா. அதுக்கு என்ன பேசணும்னு இன்னைக்கு ஒரு மீட்டிங்" என்றான். "போன மீட்டிங்கில் என்ன முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அடுத்த மீட்டிங்கில் பேசலாம்னு முடிவு பண்ணினோம்" என்றான். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன். ஒரு பள்ளியில் ஆசிரியர் கூட்டக் குறிப்பேட்டைப் பல வருடம் எழுதினேன். மாணவியர் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஜூன் மாதக் கூட்டத்தில் ஓர் ஆசிரியை சொன்னார். "விரைவில் பொருத்தப்படும்" என்று முத்து முத்தாக எழுதினேன். ஜூலையில் "நடவடிக்கை எடுக்கப்படும்". ஆகஸ்டில் "ஆவன செய்யப்படும்". எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், வடையும் டீயும் சாப்பிட்டோம், கலைந்தோம்.

எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை மாதத்தில் நாலைந்து நாள் வராமல் இருந்தாள். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவே இல்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தபோது அவள் அம்மா கதவைத்தான் சொன்னார். அன்றைக்கு ஒரு தாழ்ப்பாள் நூறு ரூபாய்கூட இருக்காது. கடைக்குப் போவது யார் என்று மூன்று கூட்டத்திலும் ஒருவரும் கேட்கவில்லை.

"எழுவாய் எங்கேடா?" என்று உங்கள் நோட்டில் சிவப்பு மையால் சுழித்தவன் நான். என் குறிப்பேட்டில் அதைத் தேடவில்லை. செய்வினையில் ஆள் முன்னால் வந்து நிற்பான். செயப்பாட்டு வினையில் "ஆல்" ஒட்டிக்கொண்டு ஒதுங்குவான். அந்த "ஆல்" வார்த்தையையும் விட்டுவிட்டால் ஆளே கிடையாது. நம் கூட்டங்கள் எல்லாம் இந்த ஆள் இல்லாத வாக்கியத்தில்தான் முடிகின்றன.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் வந்து ஸ்குரூ முடுக்காது. வேலை எது, வழி எது, முடிக்கக்கூடிய ஆள் யார் என்று பார்த்து ஒப்படைக்கும்படி 517ஆம் குறளில் வள்ளுவர் சொல்லிவிட்டார். அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு நிறுத்திக்கொண்டோம்.

"பெயரைப் போட்டு எழுதினால் மனஸ்தாபம் வரும் ஐயா" என்பீர்கள். வரட்டும். முடியாது என்றால் அங்கேயே சொல்லட்டும், வேறு ஆளைப் பார்க்கலாம். பணம் இல்லை என்றால், யாரிடம் எந்தத் தேதியில் கேட்பது என்பதுதான் அன்றைய தீர்மானம். மூன்று மாதம் மரியாதையாக ஏமாற்றுவதைவிட அது மேல்.

எனவே இதைச் செய்யுங்கள். எதை முடிவுசெய்யப் போகிறீர்கள் என்று ஒரு வரி எழுத முடியாவிட்டால் கூட்டத்தைக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. "நாம் எல்லாரும்" என்பது பெயர் அல்ல, "விரைவில்" என்பது தேதி அல்ல. அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாகப் பழைய முடிவுகளை வாசியுங்கள். முடிந்ததா, இல்லையா என்ற பதில் மட்டும் போதும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். முன்னாள் மாணவர் சந்திப்பில் போன வருடம் "பள்ளி நூலகத்துக்கு அலமாரி வாங்கப்படும்" என்று தீர்மானம் போட்டீர்கள். இந்த வருடமும் அதையே போட்டிருக்கிறீர்கள். புத்தகங்கள் இன்னும் சாக்கு மூட்டையில் கிடக்கின்றன. இரண்டு அலமாரிக்கு விலை விசாரித்து வரும் வெள்ளிக்கிழமைக்குள் நான் இங்கே போடுகிறேன். பணம் வசூலிப்பது யார்? வண்டி பிடித்து இறக்குவது யார்? எந்தத் தேதியில்? "அருமை ஐயா" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போக வேண்டாம். கீழே உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.