துறைமுகம் பக்கத்தில் இருந்தும் விலை கூடவில்லையே?

கேள்வி: "மானாவாரியில் அவுரி (சென்னா) போடுகிறோம். காய்ந்த இலை தூத்துக்குடியில் கப்பலேறி வெளிநாடு போகிறது என்கிறார்கள். துறைமுகம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் விலை கூடவில்லையே, ஏன்?"
- விளாத்திகுளம் வட்டார விவசாயி ஒருவர்

பதில்: நியாயமான கேள்விதான். துறைமுகம் வளர்ந்த கதையிலேயே இதற்குப் பாதி விடை இருக்கிறது.

தூத்துக்குடிக் கரையோரம் ஆழம் குறைவு. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் பல கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில்தான் நங்கூரம் போடும். 1876-ல் ரயில் வந்ததும் கரிசல் பருத்தி மூட்டை மூட்டையாகத் துறைமுகத்துக்கு வந்தது. ஆனால், அங்கிருந்து தோணியில் ஏற்றிப்போய்க் கப்பலில் மாற்ற வேண்டும். 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் இதே நிலைதான்.

பிறகு, கடலுக்குள் தலா 4 கிலோமீட்டர் அளவில் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டி, உள்ளே ஆழப்படுத்தினார்கள். 1974 ஜூலை 11-ல் இது பெருந்துறைமுகம் ஆனது. கப்பல் நேராகத் தளத்தை ஒட்டி நின்றது. அடுத்து கன்டெய்னர் வந்தது. மாலத்தீவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் தோணிகள் பழைய துறைமுகத்தில் இன்றும் உண்டு.

இத்தனை வளர்ந்தும், தொலைதூரம் போகும் மிகப் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கொழும்பில்தான் நிற்கின்றன. இங்கிருந்து சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே கன்டெய்னரை மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் வியாபாரி கணக்கில் வைத்துத்தான் உங்களிடம் விலை பேசுவார்.

இன்னொன்றும் உண்டு. பூட்டிய கன்டெய்னருக்குள் ஈரம் வெளியேற வழியில்லை. சரியாகக் காயாத ஒரு மூட்டை, பக்கத்து மூட்டைகளிலும் பூஞ்சணத்தைப் பரப்பிவிடும். வாங்குபவர் மொத்தச் சரக்கையும் திருப்பிவிட்டால் வியாபாரிக்கு நஷ்டம். அந்தப் பயத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார்.

கொழும்பு செலவை நீங்கள் குறைக்க முடியாது. ஈரத்தைக் குறைக்கலாம்.

* பனி உலர்ந்த பிறகு இலை பறியுங்கள்.
* நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுங்கள். பச்சை நிறம் மாறாமல் காய்ந்த இலைக்குத்தான் மதிப்பு. தார்ச்சாலையில் காயப்போட வேண்டாம்.
* காம்பு, மண், காய் கலக்காமல் பிரித்துவிடுங்கள். காயைத் தனியாக விற்கலாம்.
* அறுவடை நெருங்கும்போது பூச்சிமருந்து அடிக்காதீர்கள். நஞ்சு மிச்சம் இருந்தாலும் சரக்கு திரும்பும்.
* ஈரத்தரையில் மூட்டையை வைக்காமல், கட்டைமேல் அடுக்குங்கள்.

தனி ஒருவர் நாலு மூட்டையுடன் போனால் பேரம் பேச முடியாது. ஊரில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால், ஒரே தரமாகச் சேர்த்து விற்கலாம். ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்கினால் அந்த நிறுவனமே நேரடியாக அனுப்பலாம். முதல் போகத்திலேயே அதில் இறங்க வேண்டாம். இந்தப் பருவம் தரம் பிரித்த இலையையும் பிரிக்காத இலையையும் தனித்தனியாக விலை கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.